கமலவேணி பிரேக்கை மிதித்தாள்

கமலவேணி கார் ஓட்டும் லைசென்ஸ் எடுத்தபோது அவளுக்கு வயது முப்பத்தாறு. முதல் இரண்டு தடவை பெயில். இரண்டாவது தடவை சோதித்த அதிகாரி, சேலைத் தலைப்பு கியரில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வாய் என்று மலாயில் கேட்டிருக்கிறார். மாட்டினால் இழுத்துக்கொள்வேன் என்று இவள் பதில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பதிலுக்காகத்தான் பெயில் போட்டார் என்று கடைசிவரை நம்பினாள். மூன்றாவது தடவை தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு போய், வாயே திறக்காமல் மலாக்கா டவுனை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, லைசென்ஸை வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஆசைப்பட்டு ஓட்டக் கற்றவள் அல்ல. அவள் புருஷன் தெய்வநாயகம் இருபது வருஷம் வாடகைக் கார் ஓட்டியவர். சீனி வியாதி முற்றி அவருக்குக் கண் மங்கத் தொடங்கியது. எதிரே வருவது லோரியா மாட்டுவண்டியா என்று தெரியாமல் ஒருநாள் சாலை ஓரத்திலேயே காரை நிறுத்திவிட்டார்; யாரோ கைபிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். அதற்குப் பிறகு அவர் ஓட்டவில்லை. வீட்டு முன்னால் ரம்புத்தான் மரத்தடியில் அவருடைய பழைய மோரிஸ் மைனர் நாலு மாதம் சும்மா நின்றது. விற்றுவிடு என்று எல்லாரும் சொன்னார்கள். விற்ற பணத்தைத் தின்று தீர்த்த பிறகு என்ன செய்வது என்று கமலவேணி திருப்பிக் கேட்டாள். அவளே ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

காஜா பெராங்கில், மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் செட்டிக் கம்பத்தை ஒட்டினாற்போல் அவர்களுடைய பலகை வீடு. பண்டார் ஹிலிரில் இருக்கும் கான்வென்ட்டுக்குப் பெண்பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர ஆள் தேவைப்பட்டது. பெண் ஓட்டும் கார் என்பதாலேயே சில வீடுகளில் சம்மதித்தார்கள். நாலு பிள்ளைகள். முன் சீட்டில் ஒன்று, பின்னால் மூன்று. இரண்டு வருஷம் ஒரு நாள்கூடப் பிந்தாமல் ஓடியது அந்தக் கார்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஜூலை மாதம், ஒரு புதன்கிழமை காலையில்தான் அது நடந்தது.

அன்றைக்கு வழக்கம்போல் பக்கத்து வீட்டு மீனாச்சியின் மகளை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டாள். வழியில் இன்னொரு பிள்ளை. அப்புறம் புக்கிட் பெரிங்கிட் மேட்டில் இருக்கும் அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்குப் போய், ஆபீசில் தலைமை எழுத்தரான பெரிய கிராணி பொன்னுதுரையின் இரண்டு மகள்களை ஏற்றினாள். பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புவார். ஆனால் பிள்ளைகளை இவளிடம் ஒப்படைப்பதில் இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை.

மேட்டிலிருந்து இறங்கும்போது முன்னால் மணல் ஏற்றிய லோரி ஒன்று ஆமை மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. முந்த வழியில்லை. கமலவேணி பிரேக்கில் கால் வைத்தபடியே அதன் பின்னால் இறங்கினாள். இறக்கத்தின் பாதியில் லோரி ஒரு சந்துக்குள் திரும்பிவிட, கார் வேகம் பிடித்தது. கீழே தேங்காய் மட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். பெடல் தரைவரைக்கும் போனது. மறுபடி மிதித்தாள். மறுபடியும் தரை. மூன்றாவது, நாலாவது மிதி. வெறும் கால் பெருவிரல் தகரத்தில் இடித்த வலிதான் மிச்சம். கியரைக் குறைத்தாள், ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள், மாட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்துக் காரைப் புல்மேட்டில் ஏற்றினாள். முன் சக்கரம் ஒன்று வாய்க்காலில் இறங்கிக் கார் நின்றது.

பிள்ளைகள் புத்தகங்களோடு ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். மீனாச்சியின் மகளுக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்தது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. வண்டிக்காரர் இறங்கி மாட்டைத் தடவிக்கொடுத்தார்.

சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? முதலில் ஒரு போலீஸ்காரர் வந்தார். பொன்னுதுரை ஆபீசுக்குப் போகாமல் மேட்டிலிருந்து இறங்கி ஓடிவந்தார். ஒரு மணி நேரம் கழித்து மோட்டார் சைக்கிளில் தேவதாஸ் வந்தார்.

தேவதாஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். டவுனில் அவருடைய கார்ப் பட்டறைக்கு நல்ல பெயர் இருந்தது. பொன்னுதுரையின் ஆபீஸ் ஆட்கள்கூட அங்கேதான் போவார்கள். தெய்வநாயகத்துக்கு அவர் இளவயசுச் சிநேகிதர். ஜப்பான்காரன் காலத்தில் தெய்வநாயகம் மலேரியாவில் பிழைப்பாரா மாட்டாரா என்று கிடந்தபோது எங்கிருந்தோ கொய்னா மாத்திரை கொண்டுவந்து கொடுத்தவர் தேவதாஸ்தான். அதனால் கமலவேணி அவரை அண்ணே என்று கூப்பிட்டாள். கார் வேலை எல்லாம் அவர் பட்டறையில்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது என்று புதுசு போட்டுக் கொடுத்ததும் அவர்தான்.

வந்தவர் காருக்குள் உட்கார்ந்து பிரேக்கை மூன்று தடவை மிதித்துப் பார்த்தார். எல்லார் முன்னாலும் இறங்கிவந்து சொன்னார்.

"பிரேக் கல்லு மாதிரி இருக்கு. ஒரு கோளாறும் இல்ல. தங்கச்சி பதட்டத்துல கிளட்சை மிதிச்சிருக்கும். பொம்பளை தானே, என்ன செய்யிறது."

கமலவேணி ஓடிப்போய் உட்கார்ந்து மிதித்தாள். அவர் சொன்னது நிஜம். பெடல் பாதியிலேயே நின்றது. கெட்டியாக, ஒன்றும் நடக்காதது மாதிரி. ஒரு கணம் அவளுக்குத் தன் கால்மேலேயே சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்துக்காக அவள் தன்னைப் பின்னால் ரொம்ப நாள் மன்னிக்கவில்லை.

தேவதாஸ் ரொம்பப் பெருந்தன்மையாகப் பேசினார். காரைப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிடுவதாகவும், ஒரு காசும் வேண்டாம் என்றும் சொன்னார். பொன்னுதுரை அதுதான் சரி என்று தலையாட்டினார். கமலவேணி வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டார்கள். என் காடி என் வீட்டுக்குத்தான் போகும் என்றாள்.

நாலைந்து பேர் சேர்ந்து காரை வாய்க்காலிலிருந்து தூக்கிவிட்டார்கள். பிள்ளைகளை வேறு காரில் அனுப்பியாயிற்று. அவள் தனியாக ஏறி, முதல் கியரிலேயே, ஒரு கையை ஹேண்ட்பிரேக்கில் வைத்துக்கொண்டு, நடக்கிற வேகத்தில் காஜா பெராங் வரைக்கும் ஓட்டிப்போனாள். கடை வாசலில் நின்ற ஒவ்வொருவரும் பார்த்தார்கள். அவள் யாருக்காகவும் தலையைக் குனியவில்லை.

வீட்டில் தெய்வநாயகம் நடந்ததை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "கமலா, ஒருவேளை கிளட்சைத்தான் மிதிச்சிட்டியா?"

அவள் அவர் கையைப் பிடித்துத் தன் வலது கால் பெருவிரலில் வைத்தாள். விரல் வீங்கி நகம் கறுத்திருந்தது.

"கிளட்சுக்கு இடது கால்தானே? அடிபட்டது இந்தக் கால்ல."

அவர் விரலைத் தடவினார். சிநேகிதன் பொய் சொல்வான் என்று அவரால் நினைக்க முடியவில்லை. பெண்டாட்டி பொய் சொல்கிறாள் என்றும் நினைக்க முடியவில்லை. எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் வாசலிலிருந்து கார் புறப்படவில்லை. மூன்று வீட்டிலும் பிள்ளைகளை அனுப்பவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டு மீனாச்சி வந்தாள். அவள் செட்டிக் கம்பத்துப் பெண். சாமியும் பெயரும் நம்முடையவைதான், பேச்சு மட்டும் மலாய். மகளுக்கு உதட்டில் தையல் போட்டிருந்தது. திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று கமலவேணி நினைத்தாள். மீனாச்சி கொண்டுவந்த பலகாரத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, என் மகள் ஒன்று சொல்கிறாள், கேள் என்றாள். மகள் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள் அல்லவா? அக்காவின் வலது கால் டக் டக் டக்கென்று தரையில் இடித்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதைப் போலீஸ்காரரிடம் சொல்ல வாயெடுத்தாளாம். சின்னப் பிள்ளை, சும்மா இரு என்று பெரியவர்கள் அடக்கிவிட்டார்களாம்.

காருக்குள் நாலு பிள்ளைகள் இருந்தார்கள். அந்த நாலு பேரை ஒருவரும் கேட்கவில்லை. கமலவேணிக்கு அப்போதுதான் கோபம் முழுசாக வந்தது.

வெள்ளிக்கிழமை புங்கா ராயா சாலையில் கார்ச் சாமான் விற்கும் சீனர் கடைக்குப் போனாள். கடை முதலாளியான தவுக்கே வயதானவர். அவளுக்கும் அவருக்கும் பொது மொழி சந்தையில் பேசும் பாசார் மலாய். நடந்ததைச் சொன்னாள். லோரிக்குப் பின்னால் எவ்வளவு தூரம் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே இறங்கினாய் என்று அவர் கேட்டார். பாதி மேடு என்றாள். ஆறின பிறகு பெடல் பழையபடி கெட்டியாகிவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றாள். தவுக்கே உள்ளே போய் ஒரு புது டிரம்மை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார்.

சக்கரத்துக்கு உள்பக்கம், சட்டி மாதிரி இருக்கும் வார்ப்பிரும்புதான் டிரம். பிரேக்கை மிதித்தால் உள்ளே இருக்கும் இரண்டு பிரேக் ஷூக்கள் விரிந்து அந்தச் சட்டியின் சுவரை அழுத்தும். சக்கரம் நிற்கும். ஷூவின்மேல் ஆணியடித்திருக்கும் லைனிங் தேய்ந்து ஆணி தெரிந்தால் சுவரில் கோடு விழும். கோட்டை எடுக்கப் பட்டறையில் சுவரைக் கடைவார்கள். ஒரு தடவை கடையலாம். மேலும் மேலும் கடைந்தால் சுவர் மெல்லிசாகும். மெல்லிசான இரும்பு சூடானால் விரியும். விரிந்தால் ஷூ எட்டாது, பெடல் தரைக்குப் போகும். ஆறினால் சுருங்கும். அப்போது பெடல் மறுபடி கெட்டி.

இவ்வளவையும் தவுக்கே நிதானமாகச் சொன்னார். கேட்கக் கேட்கக் கமலவேணிக்குத் தன் கால்மேல் இருந்த சந்தேகம் போனது. இரண்டு டிரம் கொடுங்கள் என்றாள். முதலில் கழட்டிப் பார், தேவையென்றால் வாங்கு என்றார் அவர். தேவைதான் என்றாள்.

கழட்டுவது எப்படி என்று கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு மூங்கில் குச்சியைப் புது டிரம்முக்குள் குறுக்கே இறுக்கமாக நிற்கிற அளவுக்குச் சீவி வைத்தாள். அதே சாயங்காலம் நடந்தே புக்கிட் பெரிங்கிட் மேடேறிப் பொன்னுதுரையின் வீட்டுப் படியில் நின்றாள்.

அவர் உட்காரச் சொல்லவில்லை. "பிள்ளையளின்ர உயிர் அம்மா. இனி நான் உங்களோட அனுப்பேலாது" என்றார்.

"அனுப்ப வேணாங்க ஐயா. ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு முன் சக்கரம் ரெண்டையும் கழட்டப்போறேன். வந்து பாருங்க. அவ்வளவுதான்."

திரும்பும் வழியில் பட்டறைக்குப் போய்த் தேவதாஸிடமும் அதையே சொன்னாள். அவர் சிரித்தார். இது அடுப்படி வேலை இல்லை, டிரம் கழட்டப் பழகின கை வேண்டும், பிடிவாதம் பிடிக்காதே என்றார். வந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை வீட்டில் சண்டை. தெய்வநாயகம் எதற்கும் குரல் உயர்த்தாதவர், அன்றைக்கு உயர்த்தினார். கொய்னா மாத்திரை கொடுத்து உயிரைக் காப்பாற்றியவனை ஊர் கூட்டி அவமானப்படுத்துவாயா என்று கேட்டார். அவனே இலவசமாகச் சரிபண்ணித் தருகிறேன் என்கிறான், விட்டுக்கொடுத்தால் என்ன என்றார். கமலவேணி சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்க உயிரைக் காப்பாத்தினாரு, அதுக்கு எத்தனை தடவை வேணா கும்பிடறேன். அதுக்காக நான் மிதிச்ச பிரேக்கை மிதிக்கலன்னு சொல்ல முடியாது."

ஞாயிற்றுக்கிழமை அவர் வெளியே வரவே மாட்டேன் என்று முன் அறையில் உட்கார்ந்துகொண்டார்.

பத்து மணிக்கு ரம்புத்தான் மரத்தடியில் பதினைந்து இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். பாதிப் பேர் வேடிக்கைக்கு. தேவதாஸ் கையைக் கட்டிக்கொண்டு வேலியோரம் நின்றார். பொன்னுதுரை குடையோடு வந்தார்.

கமலவேணி பின் சக்கரங்களுக்குக் கல் அடை கொடுத்தாள். சக்கர நட்டுகளை முதலில் தளர்த்திவிட்டு, ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, அச்சுக்கு அடியில் இரண்டு ரயில் கட்டைகளை அடுக்கினாள். சக்கரம் வந்துவிட்டது. அது அவளுக்குப் பழக்கம்தான், எத்தனையோ தடவை டயர் மாற்றியிருக்கிறாள். டிரம்மைப் பிடித்திருந்த இரண்டு திருகாணிதான் அசையவில்லை. துருவேறி இறுகிவிட்டன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தாள். திருப்புளியை வைத்துத் தலையில் சுத்தியலால் இரண்டு போடு போட்டாள். திருப்பினாள். கை வழுக்கி முட்டி கிழிந்தது. யாரோ சிரித்தார்கள். சேலைத் தலைப்பில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தாள். மறுபடி திருப்பினாள். முதல் ஆணி 'கிரீச்' என்று ஒரு சத்தத்தோடு இளகியது. இரண்டாவதற்குக் கால் மணி நேரம் ஆனது.

ஆணிகள் வந்த பிறகும் டிரம் வரவில்லை. மரக்கட்டையை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினாள். அசையவில்லை. வேர்வை கண்ணில் இறங்கியது. தேவதாஸ் பொன்னுதுரையிடம் குனிந்து என்னவோ சொன்னார். பொன்னுதுரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் இன்னும் பலமாகத் தட்டினாள்.

முன் அறையிலிருந்து தெய்வநாயகத்தின் குரல் வந்தது.

"அட்ஜஸ்டரைத் தளர்த்தாம தட்டினா வராது. ஷூ பிடிச்சிருக்கு. சத்தத்துலயே தெரியுது."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுவரைத் தடவிக்கொண்டே படி இறங்கிக் கார் இருக்கும் பக்கம் வந்து, மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்தார். டிரம்மின் முகத்தில் இருக்கும் துளையை விரலால் கண்டுபிடித்து, திருப்புளியை அதற்குள் விட்டுத் திருப்பச் சொன்னார். இரண்டு அட்ஜஸ்டர், இரண்டையும் தளர்த்து என்றார். தளர்த்தினாள். ஒரே தட்டில் டிரம் கையோடு வந்தது.

உள்பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. ஓர் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். கமலவேணி பழையதையும் புதியதையும் ஒரு பலகைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மூங்கில் குச்சியை முதலில் புது டிரம்முக்குள் வைத்துக் காட்டினாள். இறுக நின்றது. எடுத்துப் பழையதில் வைத்தாள். குச்சி தொளதொளவென்று ஆடியது. குச்சிக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு தீக்குச்சியைச் செருகலாம். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். பொன்னுதுரை குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தானே குச்சியை எடுத்து இரண்டிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

தெய்வநாயகம் கை நீட்டினார். பழைய டிரம்மை அவர் மடியில் வைத்தாள். கட்டைவிரலை உள்சுவரில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டினார். ஓரத்தில் எழும்பியிருந்த விளிம்பில் விரல் நின்றது. விளிம்பிலிருந்து சுவர் எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்று நகத்தால் அளந்தார். இன்னொரு சுற்று ஓட்டினார். முகத்தை நிமிர்த்தாமலே பேசினார்.

"தேவதாஸ், இதை எத்தனை தடவை கடைஞ்ச?"

வேலியோரத்தில் தேவதாஸ் கட்டியிருந்த கையைப் பிரித்தார். தெய்வநாயகமே தொடர்ந்தார்.

"ரெண்டு தடவைக்கு மேல இருக்கும். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புதுசு வாங்கியிருப்போம்."

பழைய காருக்கு எல்லாப் பட்டறையிலும் செய்வதைத்தான் செய்தேன் என்றார் தேவதாஸ். புது டிரம் அப்போது கிடைக்கவில்லை, பள்ளிக்கூடம் திறக்கிற அவசரத்தில் காரைக் கேட்டீர்கள், கடைந்து கொடுத்தேன் என்றார். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. கமலவேணி எழுந்து அவர் எதிரில் போய் நின்றாள். கை முழுக்கக் கரி.

"கடைஞ்சதுக்கு நான் சண்டைக்கு வரல. பிரேக்கை நான் மிதிச்சேன். அன்னிக்கு ரோட்டுல எல்லார் முன்னாடியும் மிதிக்கலன்னு சொன்னீங்க. மிதிச்சேன்னு இன்னிக்கு இவங்க முன்னாடி சொல்லுங்க."

தேவதாஸ் அவளைப் பார்த்தார், மண்ணில் உட்கார்ந்திருந்த சிநேகிதரைப் பார்த்தார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பொன்னுதுரை தொண்டையைச் செருமிக்கொண்டார். எழுத்தில் பார்க்காமல் எதையும் சொல்லாதவர், கடைசியில் சொன்னார். "நீங்கள் மிதிச்சனீங்கள் அம்மா."

அவள் தலையசைத்தாள். நன்றி சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னதற்கு எதற்கு நன்றி?

வலது சக்கரத்து டிரம்மும் அதே கதிதான். புது டிரம் இரண்டையும் பெட்ரோலில் துணி நனைத்து எண்ணெய்ப் பூச்சுப் போகத் துடைத்தாள். லைனிங்கை உப்புத்தாளால் தேய்த்தாள். மாட்டினாள். அட்ஜஸ்டரைச் சரிசெய்ய ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். கூட்டத்தில் ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பலருக்குத் தேவதாஸின் தயவு தேவைப்பட்டது. மீனாச்சி சாரோங்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து டிரைவர் சீட்டில் ஏறினாள். அவள் வாழ்க்கையில் முதல் தடவை அங்கே உட்கார்கிறாள். எது பிரேக் என்று கேட்டாள். நடுவில் இருப்பது என்றாள் கமலவேணி. தெய்வநாயகம் சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி, உரசும் சத்தத்தைக் காதால் கேட்டு, இன்னும் ஒரு பல், இன்னும் ஒரு பல் என்று சொன்னார். அவள் திருகினாள். மீனாச்சி மிதித்தாள். மத்தியானம் இரண்டு மணிக்குக் கார் கட்டையிலிருந்து இறங்கியது.

குளிக்காமல், சாப்பிடாமல் அப்படியே காரை எடுத்தாள். தெய்வநாயகம் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நேரே புக்கிட் பெரிங்கிட். மேட்டின் உச்சியிலிருந்து பிரேக்கில் கால் வைத்தபடியே, அன்றைக்கு லோரிக்குப் பின்னால் இறங்கினது போலவே, மெதுவாக இறங்கினாள். பாதியில் வேகம் பிடிக்க விட்டாள். மேட்டின் அடியில் மிதித்தாள். நின்றது. திரும்ப ஏறினாள். திரும்ப இறங்கினாள். நாலு தடவை. ஐந்தாவது தடவை சூடான இரும்பு வாடை காருக்குள் வரைக்கும் வந்தது. அப்போதும் மிதித்த இடத்தில் நின்றது. பெடல் பாதிக்குக் கீழே போகவே இல்லை. குவார்ட்டர்ஸ் வராந்தாக்களில் நின்று ஜனங்கள் பார்த்தார்கள். அவள் ஹார்னை அடித்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து காரை நிறுத்திய பிறகும் தெய்வநாயகம் இறங்கவில்லை.

"அன்னிக்கு உன்னைக் கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

"ஆமா. கேட்டிருக்கக் கூடாது" என்றாள் அவள். பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு இறங்கிவந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டுக் கை கொடுத்தாள்.

திங்கட்கிழமை ஒரே ஒரு பிள்ளைதான் வந்தது, உதட்டில் தையலோடு. மிதித்தாள் என்று ஒத்துக்கொண்ட பொன்னுதுரைகூட இன்னும் பிள்ளைகளை அனுப்பத் துணியவில்லை. ஒரு பிள்ளைக்காக அந்தக் கார் பண்டார் ஹிலிருக்குப் போய் வந்தது. பெட்ரோல் செலவுக்குக்கூடக் கட்டாது. ஒருநாளும் நிறுத்தவில்லை. நடுவில் ஏறிக்கொண்டிருந்த பிள்ளையின் வீட்டார் கடைசிவரை திரும்பி வரவில்லை. நிஜம் தெரிந்த பிறகும் வராதவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். அவர்களை வழியில் பார்த்தால் கமலவேணி முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. நேராகப் பார்ப்பாள். அவர்கள்தான் திருப்பிக்கொள்வார்கள்.

தேவதாஸ் அவளோடு அப்புறம் பேசியதில்லை. தெய்வநாயகத்தைப் பார்க்க மாதம் ஒரு தடவை வருவார். அவள் காப்பி கொண்டுவந்து வைப்பாள். அண்ணே என்று கூப்பிடுவது மட்டும் நின்றுபோனது. ஆனால் அவர் பட்டறையில் டிரம் கடைவதற்கு முன்னால் காரின் சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் கடைகிறார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதைத் தெய்வநாயகம் அவளிடம் சொன்னபோது, நல்லது என்றாள்.

ஆகஸ்ட் கடைசியில் டவுன் முழுக்க வளைவும் விளக்கும் கொடியுமாக மெர்டேக்கா, நாட்டின் சுதந்திர நாள், வந்தது. கொண்டாட்டம் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் காலையில், புக்கிட் பெரிங்கிட்டிலிருந்து ஆள் அனுப்பி இவளை வரச்சொன்னார் பொன்னுதுரை. போனாள். இரண்டு பிள்ளைகளும் பையோடு தயாராக நின்றார்கள். பொன்னுதுரையும் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். மீனாச்சியின் மகளைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டார். பள்ளிக்கூடம் வரைக்கும் கூடவே வந்தார். இறக்கத்தில் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பொறுத்துக்கொண்டாள்.

மறுநாளும் கோட்டோடு நின்றார். கதவில் கை வைத்தார். கமலவேணி என்ஜினை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, இது பிள்ளைங்க உக்கார்ற இடம். நம்பிக்கை இருந்தா உங்க பிள்ளைங்களை ஏத்திவிடுங்க. இல்லாட்டி நீங்களே கூட்டிக்கிட்டுப் போங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, மணி ஆகுது."

பெரிய கிராணியிடம் அப்படி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். மூத்தவளின் பையை வாங்கிப் பின் சீட்டில் வைத்தார். சின்னவளைத் தூக்கி உட்காரவைத்தார். இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார்.

கமலவேணி கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று கை நீட்டி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். காரைக் கிளப்பி மேட்டில் இறங்கினாள்.